வளைவுக்கு விட்ட தண்ணீர்

மச்சான்,

வால்வைத் திறந்ததும் முதலில் சீறிக்கொண்டு வருமே, குழாய்க்குள் அடைந்து கிடந்த பழைய தண்ணீர், அதன் துரு வாடை இன்னும் என் கையில் இருக்கிறது. திறந்தது நேற்று. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. குதிரைப் பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. பார்வையாளர் மேடையின் கீழ்ப்படியில் உட்கார்ந்து உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். குப்பை கூட்டும் அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். உனக்கு இந்த வாடை பிடிக்கும். "தண்ணிக்கும் தூக்கம் கலையணும்லா" என்பாய். நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்று உன்னிடம் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. நேராகச் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நான் பயந்த வரிசைப்படிதான் சொல்வேன்.

துர்கா இன்று புல்தரையில் தன் முதல் பந்தயத்தை ஓட்டினாள். உன் மகள், நான் தண்ணீர் ஊற்றிய தரையில். ஜாக்கிகளின் பெயர்ப் பலகையில் அவள் பெயரைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்னமோ நீங்களே குதிர மேல ஏறப் போற மாதிரி இருக்கீங்க" என்று வீட்டில் திட்டு. நானே ஏறியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வாரம் முழுக்க வெயில். புல் பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. மண்ணின் பதம் பார்க்கக் கம்பியை இறக்கினால் உள்ளே போகாமல் நின்றது. அப்படி இறுகிய தரையில் ஓடினால் குதிரையின் முன்னங்கால் ஒவ்வோர் எட்டுக்கும் அதிரும். தண்ணீர் ஊற்றினால் இளகும். ஆனால் ஜொகூர் மழையை யார் நம்புவது? காலையில் நாம் ஊற்ற, மத்தியானம் அதுவும் சேர்ந்து ஊற்ற, நல்ல தரை வழுக்குத் தரை ஆகிவிடும். அதைவிட மோசம், ஓர் இடம் இறுகியும் அடுத்த இடம் ஊறியும் கிடப்பது. முழுக்கக் கெட்டியாக இருந்தாலும் குதிரை சமாளித்துக்கொள்ளும், முழுக்கச் சேறாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். நடுவில் மாறினால் கால் ஏமாந்துவிடும். வேகத்தோடு திரும்பும் வளைவில் ஏமாந்தால் என்ன ஆகும் என்று நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

வழக்கம்போல ஆளாளுக்கு வந்தார்கள். ஈரத்தில் நன்றாக ஓடும் குதிரையை வைத்திருக்கும் முதலாளி, நம் தவுக்கே, "தம்பா லாகி லா" என்று இன்னும் ஊற்றச் சொன்னார். காய்ந்த தரையில் பறக்கும் குதிரைக்காரர், "புல்லு நல்லாத்தான இருக்கு, ஏன் தண்ணிய வீணாக்குறீங்க?" என்றார். நீ இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் உட்கார வைத்து வேடிக்கை பார்த்திருப்பாய். நான் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. இந்த முறை நானும் ஒரு குதிரைக்காரன்தானே. விழுந்தாலும் அடிபடாதபடி வளைவு முழுவதையும் மெத்தை மாதிரி ஊறவைத்துவிடு என்று என் மனசே என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

வளைவு என்றாலே பல வருஷத்துக்கு முந்திய அந்தப் பந்தய நாள் காலை நினைவுக்கு வந்துவிடுகிறது. நீ பம்பு வீட்டில், வால்வுப் பக்கம். நான் வளைவில், கையில் கம்பி. கம்பி சுலபமாக இறங்கியது. முதல் நாள் ஊற்றியதே அங்கே போதும். வாக்கி டாக்கியை அழுத்தி, "வளைவ விட்டுடு" என்றேன். வளைவுக்கு வேண்டாம், அதைத் தவிர்த்துவிடு என்று அர்த்தம். கரகரப்பில் எந்த எழுத்து போனதோ, எது சேர்ந்ததோ, உன் காதில் விழுந்தது "வளைவுல விட்டுடு." அங்கே தண்ணீர் விடு! நீயும் நல்ல பிள்ளையாக வால்வை முழுக்கத் திறந்துவிட்டாய்.

நான் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் திடல் மேலாளர், நாம் என்சிக் என்றே கூப்பிடும் மனுஷன், வெள்ளைச் சட்டையும் டையுமாக விருந்தாளிகளை வரவேற்கத் தயாராகி வந்து நின்றிருந்தார். ஸ்பிரிங்க்ளர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் குளிப்பாட்டின. "நிறுத்துடா!" என்று கத்தினேன். நனைந்த வாக்கி டாக்கி ஊமையாகிவிட்டது. சேற்றில் ஒரு கால் சப்பாத்தைப் பறிகொடுத்துப் பம்பு வீட்டுக்கு ஓடி வந்தால், நீ வாசலில் நின்று, "என்ன மச்சான், போதுமா?" என்று கேட்கிறாய்.

என்சிக் பின்னாலேயே வந்தார். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "சியாப்பா சுரூ?" என்று அதட்டினார், யார் சொல்லித் திறந்தது என்று. "சாயா" என்றேன் நான். அதே நேரத்தில் "சாயா" என்றாய் நீயும். இரண்டு பேருமே 'நான்தான்' என்றதும் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

சிரிப்பு அதோடு சரி. வளைவு ஊறிவிட்டது, நேர்த்தரை காய்ந்து கிடந்தது. நாம் எதற்கு அஞ்சுவோமோ அதை நம் கையாலேயே செய்து வைத்திருந்தோம். ஊறிய ஓரத்தைக் குதிரைகள் மிதிக்காமலிருக்க உள்வேலியை வெளிப்பக்கமாகத் தள்ளி நட்டோம். நீ ஜாக்கிகள் இருந்த அறைக்குள் போய் மூடி மறைக்காமல் சொன்னாய்: "வளைவு ஈரம். எங்களாலதான் ஈரமாச்சு. வேலிய ஒட்டி வராதீங்க, நிதானமா திரும்புங்க." அன்று யாரும் விழவில்லை. ஆனால் கடைசிக் குதிரை லாயத்துக்குத் திரும்பும்வரை நீ உட்காரவே இல்லை. எதற்கும் அசராத நீ அப்படி நின்றதைப் பார்த்து நானும் உன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன்.

சாயங்காலம் நீ போட்ட சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாக்கி டாக்கியில் 'விடு' என்ற சொல்லுக்கு இடமில்லை. வேண்டுமென்றால் 'ஊத்து', வேண்டாமென்றால் 'நிறுத்து'. கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பங்களாதேஷ்காரர்கள்கூட முதலில் கற்கும் தமிழ் இந்த இரண்டு சொற்கள்தான். வீட்டில் உன் மனைவி, என் தங்கச்சி, "ரசம் விடட்டுமா?" என்று கேட்டால் கரண்டியைப் பிடித்து நிறுத்தி, "ஊத்தவான்னு கேளு" என்பாயாம். அதைச் சொல்லிச் சொல்லித் துர்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிய மறுநிமிடம் உன் வாயில் வேறு சொல்லே வராது என்பதுதான் வேடிக்கை. நான் மேகத்தை அண்ணாந்து பார்த்தால் "விடு லா மச்சான்." மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை என்றால் "விடு லா, நடந்து போலாம்." கோத்தா திங்கியில் வெள்ளம் வந்து என் வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றியபோது, இடுப்பளவு தண்ணீரில் என் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு, "விடு லா, சாமான்தான" என்றாய். நீ அப்படிச் சொன்னால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரும். என் பயத்தை நீ ஒருநாளும் கேலி செய்ததில்லை. செய்தாய், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செய்தாய்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகச் சொன்னது என்னை இந்தப் பாடு படுத்துகிறது. அப்போது துர்கா சிங்கப்பூர் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டுக் காலைப் பயிற்சிக்குக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜாக்கி உரிமத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். தங்கச்சிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. நீ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். மாஸ்க்குக்குள்ளிருந்து "துர்காவ..." என்றாய். மூச்சு வாங்கி, "விட்டு..." என்றாய். அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. 'விட்டுடு' என்றாயா, 'விட்டுடாத' என்றாயா? அவளை அவள் போக்கில் விடச் சொன்னாயா, குதிரை மேல் ஏறவிடாதே என்றாயா? தாதி வந்து பார்வை நேரம் முடிந்தது என்றார். காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன். காலையில் நீ இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சட்டம் போட்டவன், அதற்கு எனக்கு நேரம் கொடுக்காமல் போய்விட்டாய்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தங்கச்சியிடம் சொன்னால், அவர் 'விடாத'ன்னுதான் சொல்லியிருப்பார் என்பாள். துர்காவிடம் சொன்னால், அப்பா 'விடு'ன்னுதான் சொன்னார் என்பாள். தவுக்கேயும் குதிரைக்காரரும் மாதிரி அவரவருக்கு வேண்டிய தரை. அவள் உரிமம் வாங்கினாள், மணல் தரையில் சில பந்தயங்கள் ஓட்டினாள். அவள் தொப்பியை மாட்டும் ஒவ்வொரு தடவையும் உன் இருமல் எனக்குக் கேட்கும். நீ தடுக்கச் சொல்லி, நான் தடுக்காமல் நின்றுகொண்டிருந்தால்?

நேற்றுக் காலை வளைவுக்கு ஊற்றினோம். எவ்வளவு என்று என்சிக்கும் நானும் முன்பே பேசி முடித்திருந்தோம். கோத்தா திங்கி பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே, மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வராவிட்டால் ஊற்றியது போதும், வந்தால் அதுவே அதிகம். நிறுத்த வேண்டிய நேரம் ஆயிற்று. வால்வின் மேல் கை இருக்கிறது, திருப்ப மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும். விழுந்தால் இளகலாக இருக்கட்டும். இன்னும் கொஞ்சம். இப்படி ஊற்றுவதே அவளை வழுக்க வைக்கும் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை அசையவில்லை, மச்சான்.

ஜாக்கிகள் தரையை நடந்து பார்க்கும் நேரம் அது. வாக்கி டாக்கி கரகரத்தது. வளைவில் நின்ற நம் ஆளிடம் வாங்கிப் பேசியிருக்கிறாள்.

"மாமா, துர்கா பேசறேன். தண்ணி இன்னும் ஏன் ஓடுது? விடுங்க மாமா."

அந்தச் சொல்லை அந்தப் பெட்டிக்குள்ளிருந்து கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"ஊத்தவா, நிறுத்தவா? ஒழுங்கா சொல்லும்மா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அந்தப் பக்கம் சிரிப்பு. மூக்கில் தொடங்கும் உன் சிரிப்பு.

"அலமாக், அப்பா சட்டம் மறந்துட்டேன். சரி, நல்லா கேட்டுக்குங்க. தண்ணிய நிறுத்துங்க மாமா. என்னைய விடுங்க."

வால்வை மூடினேன். குழாய் ஒருமுறை முனகி அடங்கியது. சட்டப்படி நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "தண்ணிய நிறுத்தியாச்சு" என்றேன். அவள் சொன்னதில் பாதி அவ்வளவுதான். மறுபாதியை நான் திருப்பிச் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் தூறல் போட்டது. பெரிய மழைக்கு முன்னோட்டமோ என்று என்சிக் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நல்ல வேளை, மேகம் எங்கள் தலைக்கு மேல் நிற்காமல் நகர்ந்துவிட்டது. அவள் பந்தயத்துக்குக் குதிரைகள் கிளம்பியபோது நான் வளைவுக்குப் பக்கத்தில் வேலியோரம் நின்றேன். நின்றேனே தவிர, பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் நெருங்கியது. மண் அதிர்வது காலில் ஏறியது. நேர்த்தரையில் கேட்ட அதே கனமான சத்தம் வளைவிலும் மாறாமல் வந்து, மாறாமல் போனது. ஓர் இடறலும் இல்லை, கூட்டத்தில் ஒரு கூச்சலும் இல்லை. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். எல்லாக் குதிரைகளும் வாலை மட்டும் காட்டிக்கொண்டு நேர்த்தரையில் போய்க்கொண்டிருந்தன.

அவள் ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கேயோ வந்தாள். குதிரைப் பயிற்சியாளர் ஏதோ முணுமுணுத்தார். அவள் கன்னமெல்லாம் மண்ணும் புல்லுமாக என்னிடம் வந்தாள்.

"வளைவு நல்லா இருந்துச்சு மாமா. பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"முதுகாலயா?" என்றாள். வேகத்தில் வளைவில் திரும்புகிறவள் என் முதுகைக் கவனித்திருக்கிறாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுகையும் கூடவே வந்தது. அவள் கண்டும் காணாததுபோலக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

உன் பழைய வாக்கி டாக்கி என்னிடம்தான் இருக்கிறது. பாட்டரி செத்து வெகுநாளாயிற்று. என்றாலும் பந்தய நாளில் புதியது ஒரு பக்கமும் உன்னுடையது ஒரு பக்கமுமாக இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறேன். எடை கூடுதல் என்று வீட்டில் அதற்கும் திட்டு. அன்று நீ எதைச் சொல்ல வந்தாய் என்று எனக்கு இப்போதும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அடுத்த பந்தயத்துக்கும் அவளுக்கு ஒரு குதிரை கிடைத்திருக்கிறது. நாளைக் காலையிலேயே மேகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். பயம் போகாது, அது என் கூடவே வரட்டும்.

ஆனால் சட்டம் சட்டம்தான். கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தது போதும். பக்கத்தில் யாரும் இல்லை. உன் பெட்டியை எடுத்து, துரு வாடை அடிக்கும் விரலால் அழுத்திக்கொண்டு சொல்கிறேன்.

கேட்டுச்சு மச்சான். துர்காவ விட்டுட்டேன்.