ஒருமுறை அழுத்தினால் பதியாது

மார்ச் 3, செவ்வாய்
வானொலி வேலைக்குப் புது ரெக்கார்டர் வாங்கினேன். பார்வை போய் மூன்று வருடமாகிறது. இன்னும் கடையில் நின்று, “பொத்தானை அழுத்தினா சத்தம் வருமா?” என்று கேட்க வாய் வரவில்லை. “எல்லாம் திரையிலயே காட்டும் சார்,” என்றார் கடைக்காரர். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். “தெரியும், இதே மாதிரி வெச்சிருந்தேன்,” என்றேன். எதற்கு இந்த வீம்பு?

மார்ச் 6
ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் இரண்டு மணி நேரப் பேட்டி. தொண்டையில் புற்றுநோய், பன்னிரண்டாம் தேதி குரல்வளையை எடுக்கிறார்கள். “என் குரல் பொண்ணுகிட்ட இருக்கணும்,” என்றார். சிரிக்கச் சிரிக்கப் பேசினார்.

மார்ச் 7
நிலையத்தில் எடிட்டர் பெண் சொன்னாள்: “ரெக்கார்டர்ல ஒண்ணுமே இல்லைண்ணா.”
நிலையத் தலைவர் பக்கத்தில் நின்றிருந்தார். “நேத்து கேட்டேனே, இருந்துச்சே. காப்பி பண்ணும்போது...” என்று இழுத்தேன். போட்டுக் கேட்கவேயில்லை நான். தலைவர் அவள் பக்கம் திரும்பிவிட்டார்.
வீட்டில் மனைவி விளக்கத்தாளைப் படித்தாள். ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னும், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால்தான் பதியும்.

மார்ச் 8
எடிட்டரை அழைக்க இரண்டு முறை போனை எடுத்து, அழைக்காமலே வைத்தேன்.

மார்ச் 9
எடிட்டர் பெண் ஞாயிற்றுக்கிழமையும் வந்து, அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுத் தேடியிருக்கிறாள். “ஒரு துண்டாவது கிடைக்கும்ணா. நான் அழிச்சதுன்னா நான்தானே எடுக்கணும்.”
அதற்குமேல் தாங்கவில்லை. தலைவரைக் கூப்பிட்டு அவர் முன்னால், நான் சரியாக அழுத்தவில்லை, போட்டுக் கேட்கவும் இல்லை என்று சொன்னேன். அவள்தான் பேசினாள். “சரியா அழுத்தாததுக்குக் கோவமில்லைண்ணா. கேட்டேன்னு சொன்னீங்களே...”
என்ன மனிதன் நான்?

மார்ச் 10
மறுபடி கடை. “எனக்குத் திரை பிரயோசனப்படாது. கையும் காதும்தான்,” என்றேன். சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான். கடைக்காரர் ஐந்து பெட்டிகளைப் பிரித்தார். ஒன்று பேசியது, ஆனால் பொத்தான்கள் விரலுக்குத் தட்டுப்படவில்லை. ஒன்று ஊமை. நான்காவதில் பக்கவாட்டில் தள்ளும் விசை: மேலே தள்ளினால் ‘பீப்’, பதிகிறது, கீழே இழுத்தால் நிற்கிறது. பதிவுகளின் பட்டியலையும் குரலில் வாசிக்கிறது.
“அன்னைக்கே கேட்டிருக்கலாமே சார்.”
கேட்டிருக்கலாம்.

மார்ச் 11
ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். “அப்போ ரெண்டு மணி நேரம் சுவத்துகிட்டயா பேசினேன்?” குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது. நாற்காலியை என் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “போடுங்க,” என்றார். மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பித்தார். பதினோரு நிமிடம். அதற்குமேல் காற்றுதான் வந்தது.

மார்ச் 29
அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று போனேன். அவர் எழுதிக் கொடுத்ததை மகள் வாசித்தாள்: “அன்று சொன்னதெல்லாம் உங்கள் காதில்தான் இருக்கிறது. இவளுக்கு நீங்களே சொல்லுங்கள்.”
விசையை மேலே தள்ளிவிட்டுச் சொன்னேன். முதல் நாள் வகுப்பில் கரும்பலகை கழன்று அவர் காலில் விழுந்தது, பிள்ளைகள் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தது. நான் தப்பாகச் சொன்ன இடங்களில் மேசையைத் தட்டி நிறுத்தி, திருத்தி எழுதினார்; மகள் வாசித்தாள். ஆறு முறை தட்டினார். ஒன்றையும் வெட்டவேண்டாம் என்று எடிட்டரிடம் சொல்லியிருக்கிறேன்.