நான் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் பதில்

அன்பு முருகேசா,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் மூன்று மாதம் ஆகிறது. பிரியமாகக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறேன். இத்தனை வருஷப் பழக்கம் வேறு மாதிரி எழுத விடவில்லை.

கெலமங்கலத்திலிருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொன்னவன் நீ. நான் பத்தாவதில் இங்கிலீஷில் ஃபெயில். 'ஃபார்' எங்கே வரும், 'சின்ஸ்' எங்கே வரும் என்று தினமும் கேட்பேன். "எத்தன நாளுன்னா ஃபார், எப்பலேர்ந்துன்னா சின்ஸ். அவ்ளோதான் மச்சான்" என்பாய். பேஸிவ் வாய்ஸ் வரை நாம் போகவே இல்லை.

அதற்குள் அந்த விபத்து. நாம் இருவரும் ஓட்டிய பிரஸ் மெஷினில், கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டை நீ கழற்றினாய், வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று. அடுத்த ஷிப்டில் வந்த சிவண்ணாவுக்கு இரண்டு விரல் போயிற்று. நம் இருவருக்கும் மெமோ. பதில் இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள். எனக்கும் நீயே எழுதினாய். "யாரு கழட்டினாங்கன்னே இதுல இல்ல. பயப்படாம கையெழுத்துப் போடு" என்றாய். போட்டேன்.

விசாரணையில், நானே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகச் சொல்லி வேலையைப் பறித்தார்கள். வெளியே வந்து உன்னைத்தான் கேட்டேன். அவர்கள் திரித்துப் படித்துவிட்டார்கள் என்றாய். நம்பினேன்.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் சேர்ந்தேன். இனி படிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று மாலை வகுப்பில் உட்கார்ந்து இலக்கணம் படித்தேன். அதைச் சொன்ன அன்று நீ ஏன் பேச்சை மாற்றினாய் என்று இப்போதுதான் புரிகிறது.

போன மாதம் உன் மனைவி சரோஜா வந்தாள். உன் கம்பெனியில் தனக்கு ஒரு வேலை கேட்டு மனு எழுதச் சொல்லி, உன் ஃபைலைக் கொடுத்தாள். என் மெமோவுக்கு நீ முதலில் எழுதிப் பார்த்த காகிதம் அதில் இருந்தது. 'தி கார்டு வாஸ் ரிமூவ்டு.' கார்டு கழற்றப்பட்டது. முற்றுப்புள்ளி. எனக்குச் சொன்னபடியேதான் எழுதியிருக்கிறாய். பிறகு அந்தப் புள்ளியை அடித்துவிட்டு வேறு மையில் இரண்டு சொல் சேர்த்திருக்கிறாய். 'பை மீ'. என்னால். கீழே என் பெயர்.

எப்போதடா மனசு மாறினாய்? யாராவது மிரட்டினார்களா, உனக்கே பயம் வந்துவிட்டதா? அதற்கப்புறமும் வருஷா வருஷம் பெருநாளைக்கு என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, அந்தச் சோறு எப்படி உள்ளே இறங்கியது?

"என்னண்ணா, ஏதாச்சும் தப்பா இருக்குதா?" என்றாள் சரோஜா. பழைய காகிதம் என்றேன். மனுவை எழுதி, வரி வரியாகத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் கையெழுத்து வாங்கினேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனா ஓடவில்லை. ஒன்று மட்டும் உறுதி. இதை நானாகச் சரோஜாவிடம் சொல்லமாட்டேன். அவளோ உன் மகளோ ஒரு நாள் நேராகக் கேட்டால், உனக்காகப் பொய்யும் சொல்லமாட்டேன்.

இன்னமும் உன் மச்சான்தான்,
இப்ராகிம்