கிராம்புத் தோட்டமும் காரிநங்கையின் கையும்

நலம் பெருகுக. வேயாறு பாயும் நாட்டையும் அதன் துறைமுகங்களையும் தம் குடைக்கீழ்க் கொண்ட வானவல்லி மாதேவியாகிய நாம், கடலுக்கு அப்பால் நீலவரைத் தீவில் நம் தூதராய் வீற்றிருக்கும் விழுப்பரையருக்கு விடுத்த ஓலை. அத்தீவின் அரசர் நீடு வாழ்க. அவர் தோட்டங்கள் பூத்துக் குலுங்குக. உமக்கும் உம்மோடிருக்கும் நம் குடிகளுக்கும் குறைவொன்றும் இல்லாதிருக்கக் கடவது.

நம் வணிகர் கண்டன் காரியைக் குறித்து நீர் எழுதியதை அவையில் படிக்கக் கேட்டோம். மகளைத் தவழும் பருவத்தில் விட்டுக் கலமேறியவர், அவளுக்காகவே அங்கே பண்டசாலையும் கிராம்புத் தோட்டமும் தேடி வைத்து, அவற்றைக் காத்தபடியே தலை நரைத்துவிட்டார். அயலான் இறந்தாலும் ஊர் திரும்பினாலும் அவன் தேடிய பொருள் அரசருக்கே சேரும் என்பது அத்தீவின் சட்டம். உயிரோடிருக்கையில் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்தவன் அதன்பின் அம்மண்ணை விட்டு நீங்கினால் கொடை செல்லாது. நம் நாட்டு வழக்கோ, கொடுப்பவர் தம் கையால் பெறுபவர் கையில் நீர் வார்த்தாலன்றிக் கொடையே இல்லை என்கிறது. வார்க்கும் கை அங்கே, ஏற்கும் கை இங்கே, நடுவில் கடல். இரு நாட்டுச் சட்டமும் சேர்ந்து ஒரு கிழவரை நன்றாகவே கட்டிப்போட்டன.

நம் அமைச்சர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு இதற்கொரு வழி கண்டார்கள். தூதராகிய உமது கையே மகளின் கையாக நின்று ஏற்கலாம் என்றார்கள். அதைச் சென்ற கலத்தில் உமக்கு எழுதியும் விட்டோம். அதற்குக் காரி சொன்னதாக நீர் எழுதிய விடைதான் நம் உறக்கத்தைக் கெடுத்தது. மார்பு வலி மிகுந்து, இன்னும் ஓராண்டு தாங்குவது அரிது என்று மருத்துவர் கைவிரித்த நிலையிலும், தோட்டத்தைக் கொடுத்துவிட்டுத் தாம் அங்கேயே தங்கிவிடுவதாகச் சொன்னாராம். துறைக்கு வரும் நம் நாட்டுப் பெண்களின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்து, மகளின் கை இவ்வளவு இருக்குமா என்று உம்மைக் கேட்டாராம். பிறகு வாள் பிடித்துக் காய்த்துப்போன உம் கையைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வார்த்துவிடுவதாகச் சொன்னாராம். அந்த இடத்தில் படித்தவர் ஓலையைத் தாழ்த்திக் கண்ணைத் துடைத்தார். நாமும் அழுதோம், மறைப்பானேன்.

பெறுபவர் இசையாமல் கொடை இல்லை என்பதால் அவர் மகள் காரிநங்கையை அழைப்பித்தோம். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. கலமேறும் நிலையில் இல்லை. அமைச்சர்கள் தோட்டத்தின் மதிப்பை விரித்துரைத்தார்கள். தந்தையின் முகம் தனக்கு நினைவில்லை என்றாள் அவள். காற்றுத் திரும்பும் மாதந்தோறும் துறைக்குப் போய், இறங்குகிற நரைத்த தலைகளையெல்லாம் இவரோ அவரோ என்று பார்த்து நின்று, வீடு திரும்பியே வளர்ந்தவள் தான் என்றாள். தோட்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், தன் பெயரால் எவரும் அங்கே கை நீட்டலாகாது என்றும் சொன்னாள். பின்னால் வருந்துவாய் என்று மூத்த அமைச்சர் எச்சரித்தார். இதுவரை வருந்தியது போதாதா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

ஆகவே நாம் இடும் கட்டளை இது. உமது கையை நீர் நீட்ட வேண்டா. இவ்வோலை கொண்டுவரும் கலம், காற்றுத் திரும்பியதும் காரியை ஏற்றிக்கொண்டே புறப்படுக. மருத்துவரும் உடன் வருக. அறுவடை முடியட்டும் என்பார், வேலி அடைக்கவில்லை என்பார், எதையும் கேளாதீர். மகள் மறுத்துவிட்டாள் என்று மட்டும் சொல்லும். பண்டசாலைக் கதவுக்கு முத்திரையிட ஆள் அனுப்பும் அத்தீவின் அரசருக்கு நம் வணக்கம் கூறி, தோட்டம் அவருடையது, காரி நம்மவர் என்று தெரிவியும். நடுக்கடலில் அவர் உயிருக்கு நாம் உறுதி சொல்ல முடியாது. அழைத்துவராமல் இருக்கவும் முடியாது.

இதற்கு நம் மூங்கிலிலை முத்திரை சான்று. காரி ஏறாமல் நங்கூரம் எடுக்கும் மீகாமன் நம் நாட்டில் கால்வைக்க வேண்டா. கலம் துறை சேர்ந்ததும் முதலில் இறங்குபவர் அவராகவே இருக்கக் கடவது. காரிநங்கை இனியும் நரைத்த தலைகளைப் பார்த்து நிற்க வேண்டா.