நாற்பத்தேழாம் மரத்துப் பூச்சி

கள்ளக்குறிச்சி,
4.10.1987, ஞாயிறு

அன்பு மகள் ஜெஸிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் காவலில் நானும் அப்பாவும் உயிரோடும் ரத்த அழுத்தத்தோடும் இருக்கிறோம். கல்கத்தாவில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன். கடுகெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல், நல்லெண்ணெய் அனுப்புகிறேன். இட ஒதுக்கீட்டு மறியல் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு வாரம் பஸ் இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை. பேப்பர் வராததால் அந்த ஒரு வாரமும் நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடப்பதாக அப்பா நம்பிக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்பது நியாயமா என்று என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நியாயம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் வேலை கேட்பவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் நடுவே கச்சிராயபாளையம் ரோட்டு இலுப்பை மரங்கள் என்ன குற்றம் செய்தன என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. பதினொரு மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டார்கள். அதில் ஏழு நம்முடைய மரங்கள்.

நம்முடையவை என்றால் நம் நோட்டில் உள்ளவை. எண்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் பிடித்த ஒன்றைத் தவிர வேறெங்கும் பதிவில்லை என்று நீ எழுதிய அந்தச் சாம்பல் நிற அந்துப்பூச்சியை, விரல் நகத்தில் பாதி கூட இல்லாததை, இரண்டு வருடமாக அந்த மரங்களில்தானே பார்த்து வருகிறோம். நானா பார்த்தேன், வேடியப்பன் பார்த்தான். நீ போன முறை வந்தபோது அவனைப் பார்த்திருக்கிறாய், ரோட்டோரப் புல் செதுக்கும் கேங் கூலி, மலைமேல் கரியாலூர்க்காரன். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் பூச்சியை நான் கண்ணாடி போட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் பத்தடி தள்ளி நின்று, "இன்னா டீச்சர், ஒன் மூக்குக்கு நேராத்தான குந்திக்கினு இருக்குது" என்பான். எந்த மரம், என்ன தேதி, எத்தனை மணி, பார்த்தது யார் என்று எழுதாத பதிவு வெறும் ஊர்வம்பு என்று நீ எழுதியிருந்தாயே, அதை அப்படியே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மரங்களில் நெடுஞ்சாலைக்காரர்கள் அடித்த நம்பர் இருந்தது. அவனுக்கு எண்கள் எழுத வரும், தன் பெயர் எழுத வரும். அது போதுமாக இருந்தது. தினமும் வேலைக்கு முன்னால் மரம் மரமாகப் பார்த்து எழுதிவிடுவான். மணி பார்க்க உன் பழைய கைக்கடிகாரத்தைக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் விட்டதில்லை.

அதுதான் வினையாகிவிட்டது. மறியல் தொடங்கிய போன மாதம் பதினேழாம் தேதி வியாழக்கிழமையும் விடவில்லை. மரம் 47, காலை 6.40, பூச்சி ஒன்று, வேடியப்பன். இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கையில் சிக்கிய அந்தப் பூச்சியைத் தீப்பெட்டியில் பிடித்து, அதே விவரத்தைச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து, வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். தபால் ஆபீஸ் திறந்த அன்றே உனக்கு அனுப்பினேன், கிடைத்திருக்கும். எட்டு மணிக்கு முதல் போலீஸ் ஜீப் வந்தபோது 47 ரோட்டில் குறுக்கே கிடந்திருக்கிறது. போன திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அவனைப் பிடித்துவிட்டார்கள். பையில் கத்தி இருந்தது, புல் செதுக்குகிறவன் பையில் வீணையா இருக்கும். கத்தியோடு நோட்டும் இருந்தது.

நான் நியாயம் பேச ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அவர் தங்கை நம் பள்ளியில் என்னிடம் படித்தவளாம். பூச்சிதானே என்று பக்கம் பக்கமாக விளக்கினேன், அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பதினேழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, "டீச்சர், ஆறு நாப்பதுன்னு போட்டிருக்கான், இது சரியா இருக்குமாங்க, சும்மா குத்துமதிப்பா எழுதனதா?" என்றார். இருபத்தாறு வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவளுக்கு நல்ல மாணவனைக் குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. வேடியப்பன் ஒருநாளும் தப்பாக எழுதியதில்லை, ஒரு நிமிஷம் முன்னே பின்னே கூட இருக்காது என்றேன். அதை அப்படியே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். காபியும் வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், அவன் அங்கே நின்றதற்கு நீயே சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறாய் என்றார் அப்பா. அடுத்த நாள் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தெருவில் இரண்டு பேர் நின்றார்கள், நம் பக்கத்து ஆட்கள் இல்லை. அதில் பெரியவர் கும்பிட்டு, "டீச்சரம்மா, அந்த நோட்டுல பூச்சி கணக்கு மட்டுந்தானங்க? ஆளு கணக்கு ஒண்ணும் எழுதலியே?" என்று கேட்டார். ஆள் யாரையும் எழுதவில்லை என்றேன். "நல்லதுங்க. அந்த மலைக்காரன் நல்லவன். அவனும் ஆள பாக்காம இருந்தா அவனுக்கு நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மிரட்டல் என்று சொல்ல முடியாது, குரலில் அவ்வளவு மரியாதை. வெட்டியது வேடியப்பன் என்று போலீஸ் எழுதும், இல்லை வெட்டியவர்களைப் பார்த்தவன் என்று இவர்கள் முடிவு கட்டுவார்கள். அந்த நேரம் அவன் அங்கே நின்றான் என்று இருக்கிற வரைக்கும் அவனுக்கு உள்ளேயும் இடமில்லை, வெளியேயும் இடமில்லை.

வக்கீல் தங்கதுரை ஒரு வழி சொல்கிறார். அந்தப் பூச்சி அந்த மாதத்தில் அங்கே இருக்க வாய்ப்பில்லை, அந்தப் பதிவை ஏற்க முடியாது என்று உன் பூச்சி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், அவன் போகாமலே வீட்டில் படுத்துக்கொண்டு எழுதினான் என்று வாதாடலாமாம். என் கையெழுத்துக்கு என்ன செய்வது என்றேன். டீச்சர் ஏமாந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம், அது யாரும் நம்பக்கூடியதுதான் என்றார். என்னையும் சப்ஜெயிலுக்குக் கூட்டிப்போய் வேடியப்பனிடமும் அப்படியே சொல்லச் சொல்லிப் பார்த்தார். அவன் என்னைப் பார்க்கிறான். "டீச்சர், நீதான சொன்ன, பாக்காதத எழுதக்கூடாதுன்னு. பாத்தத பாக்கலன்னு சொன்னா மட்டும் செரியா?" என்கிறான். அவன் மனைவி சின்னக்கண்ணு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "அடப் பாவி, பூச்சிக்குப் பொறந்தவனே, ரெண்டு புள்ளைங்க வூட்ல குந்திக்கினு இருக்குதுங்க, பாக்கலன்னு சொல்லித் தொலையேன்" என்று கத்துகிறாள். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். நானும் பாடம் எடுத்த பாவத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகையால் கேட்கிறேன். இரண்டாவது பூச்சி கிடைத்தால்தான் உன் கட்டுரை அச்சாகும் என்று எழுதியிருந்தாய், அது உன் மேஜை மேல் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். மீதி மரங்களில் நேற்றுப் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இனி வருமா என்றும் தெரியாது. இருந்தாலும் அந்தப் பதிவைத் தள்ளி எழுது. பொய் எழுதச் சொல்லிப் பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதும் முதல் சயன்ஸ் டீச்சர் நானாகத்தான் இருப்பேன். அப்பாவிடம் சம்மதமா என்று கேட்டேன். "ஜெஸி நம்மள மன்னிச்சிடும், வேடியப்பன்தான் மன்னிக்க மாட்டான்" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பதினாறாம் தேதி ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. அதற்குள் உன் கடிதம் வக்கீல் கையில் இருக்க வேண்டும், ரிஜிஸ்டரில் அனுப்பு. மறுபடி மறியல் என்று பேச்சு இருப்பதால் தாமதிக்காதே. குளிர் வருவதற்குள் ஸ்வெட்டர் வாங்கிக்கொள், ராத்திரி தனியாக ட்ராமில் வராதே. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு. தீப்பெட்டியில் உள்ள பூச்சியைப் பத்திரமாக வைத்துக்கொள். அதோடு இருக்கும் சீட்டை மட்டும் எரித்துவிடு.

உன் அம்மா,
இசபெல்லா பிலிப்பு