அப்பா ஓட்டும் பந்தயக் கார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், இந்த முறை அப்பாவையும் சேர்த்தே தைரியமாகச் சொல்கிறேன், அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அறையில் இருக்கும் வீடியோ கேம்களை எல்லாம் விற்றுவிடும்படி அக்காவிடம் போனில் சொன்னாயாமே. பாதிக்கு மேல கவரே பிரிக்கல, இங்கயும் தள்ளுபடின்னா வாங்கிக் குவிக்கிறேன், எதையும் உருப்படியா முடிக்காதவன் நான் என்று நொந்துகொண்டாயாம். விற்க மாட்டேன் கண்ணா, காரணத்தைக் கேள்.

பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கை முடங்கியது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவர் இருந்த இருப்பை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க பஸ் ஸ்டீயரிங் பிடித்த மனிதர், பிசியோதெரபி செய்ய வரும் பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் என்ன கைக்குழந்தையா என்று ஒரே சிடுசிடுப்பு. ஒருநாள் அந்தப் பெண்ணே உன் அலமாரியைப் பார்த்துவிட்டு, இவ்ளோ கேம் இருக்கே ஆன்ட்டி, இத வச்சே விரலுக்கு வேல குடுக்கலாமே என்றாள். நீ பிரிக்காமலே வைத்திருந்த கார் பந்தயம் ஒன்றைப் பிரித்து டிவியில் போட்டோம். அப்பாவா, தொடவே மாட்டேன் என்றார். ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்த அக்கா முதல் வளைவிலேயே சுவரில் மோதினாள். அவ்வளவுதான், கொண்டா இப்படி, வண்டியக் கொலை பண்ணாத என்று இடது கையாலேயே கன்ட்ரோலரைப் பிடுங்கி, முடங்கிய கையையும் அதில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் டியூட்டிதான். பந்தயத்தில்கூட வளைவில் நிதானம், பின்னால் வருபவனுக்கு வழி, முந்திப் பறக்கிறவனைப் பார்த்து, போய்ச் சேருடா மகராசா என்று வாழ்த்து. எப்போதும் கடைசிதான் வருவார். அக்கா கிண்டல் செய்தால், கடைசியா வந்தா என்ன, வண்டியில ஒரு கீறல் இருக்கா பாரு என்கிறார். முதலில் கட்டைவிரல் அசைந்தது, பிறகு மெல்ல மெல்ல மற்ற விரல்கள். இன்று காலை உதவப் போன என் கையைத் தட்டிவிட்டு, சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். ஒன்றை மாற்றித்தான் போட்டிருந்தார், அதைத் திருத்தாமல் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதனால் முடிக்காதவன் அது இது என்று உன்னை நீயே மட்டம் தட்டிக்கொள்ளாதே. வேலை கழுத்தை நெரிக்கும் மாதங்களில்தான் நீ நிறைய வாங்குகிறாய், விளையாட ஒரு ஓய்வு நாள் வராதா என்ற ஏக்கம், எனக்குப் புரியாதா. ஆசைக்கு வாங்கு, அளவாக வாங்கு, ஆனால் வாரத்தில் ஒரு சாயங்காலமாவது ஆபீஸ் வேலையை மூடி வைத்துவிட்டு ஒன்றைப் பிரித்து உட்கார். முடித்தே ஆக வேண்டும் என்று யார் கேட்டார்கள், உன் அப்பா இன்னும் முதல் ரோட்டையே தாண்டவில்லை.

நோய்நொடி அண்டாமல், மனசு குளிர்ந்து, நீ நூறாண்டு இருக்க வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்ன விளையாடினாய் என்று அப்பா கேட்பார், பதிலோடு கூப்பிடு. என் பெயருக்குக் கீழே கோணலாக இருப்பதை அவர்தான் எழுதினார், வலது கையால்.

உன் அம்மா
அப்பா