பின்வரிசை மைக்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மானம் கப்பலேறியது. வெள்ளைச் சட்டையும் தோல்பையுமாக ஒருவர் குழு அறைக்குள் வந்தார். புது உறுப்பினர் என்று நினைத்துக் கும்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயும் கொடுத்தேன். முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்: "அண்ணே, எந்த ஏசியில தண்ணி சொட்டுது?"

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்! நாடாளுமன்றக் குழு அறையில் மைக்குகளைப் பார்த்துக்கொள்பவன் நான். குழுவின் தலைவரம்மா யாரைக் காட்டுகிறாரோ, அவர் மைக்கைத் திறப்பேன். நாட்டை நடத்துவதில் என் பங்கு அவ்வளவுதான்.

மார்ச் 9, திங்கள்

வியாழனன்று மின்சக்தித் துறையை விசாரிக்கிறார்கள். புது மின்பாதைக்கு எங்கெங்கே கோபுரம் நடுவது என்ற திட்டம். "மக்கள் கருத்து முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது" என்று துறை எழுதிக் கொடுத்திருக்கிறது.

என் மகள் அந்தத் துறையில்தான் இளநிலை அதிகாரி. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்றே வாரம். சாப்பிடும்போது சொன்னாள்: "ஜனங்க எழுதின கடுதாசி ஆறு பெட்டி என் மேசைக்குப் பின்னாலதான் இருக்குப்பா. ஒட்டின டேப்பைக்கூட யாரும் பிரிக்கல. மேலதிகாரிக்கு நோட்டு போட்டேன். 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டுத் திருப்பிட்டாங்க."

"பெரியவங்க பார்த்துக்குவாங்க. நீ வாயைத் தொறக்காதம்மா."

"நான் எங்க தொறக்கறது? பின்வரிசையில உக்காந்து செயலாளருக்குத் துண்டுச்சீட்டு குடுக்கற வேலைதான்."

மனைவி குறுக்கே வந்தாள்: "அப்பாவுக்கு மைக்கு, பொண்ணுக்குச் சீட்டு. நல்லா அமைஞ்சுது என் குடும்பம்."

மார்ச் 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

செயலாளர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வைத்திருந்தார். கோபுரம் ஏன் பள்ளிக்கூடத்தை ஒட்டி வருகிறது? "எழுத்துப்பூர்வமாகத் தருகிறோம்." வேறு வழியைப் பார்த்தீர்களா? "எழுத்துப்பூர்வமாகத் தருகிறோம்." மணி என்ன என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கடிதங்களை யார் படிச்சது?"

"துறை மட்டத்தில் பரிசீலிக்கப்பட்டது."

பின்வரிசையில் என் மகள் எழுந்து நின்றாள். கையில் சீட்டு எதுவும் இல்லை.

"அந்த அதிகாரி ஏதோ சொல்ல வர்றாங்க. மைக் குடுங்க."

பின்வரிசைக்கு மொத்தமாக ஒரே மைக். மூன்று வாரம், இன்னும் மூன்றே வாரம் என்று மண்டைக்குள் ஓடியது. எழுந்து சொன்னேன்: "மன்னிக்கணும் அம்மா, அது பழுது."

செயலாளர் வயிற்றில் பால் வார்த்தேன்.

ஆனால் இவளுக்கு எங்கிருந்து வந்தது அந்தக் குரல்! அவள் அம்மாவுடைய குரல் — மாடியில் நின்றபடியே தெருமுனைக் காய்கறி வண்டியை நிறுத்துகிற குரல். "யாரும் படிக்கலைங்க! ஆறு பெட்டியும் ஒட்டினபடியே இருக்கு!"

சுருக்கெழுத்தாளர் ஒரு வார்த்தை விடவில்லை.

ஐயோ, என்ன பண்ணிட்டா இவ. நான் என்ன பண்ணேன்?

மார்ச் 13, வெள்ளி

மனைவி மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டாள்.

ஏப்ரல் 1, புதன்

மகளை வேலையை விட்டு எடுக்கவில்லை. நிரந்தரமும் ஆக்கவில்லை. ஆறு மாதம் நீட்டிப்பு. கூடவே ஓர் உத்தரவு: ஆறு பெட்டியையும் அவளே படிக்க வேண்டுமாம். தண்டனை! இவளோ பதவி உயர்வு வந்தவள் மாதிரி சிரிக்கிறாள்.

மே 6, புதன்

குழுவின் அறிக்கைக்கு அரசு பதில் அனுப்பிவிட்டது. மொத்தம் முப்பத்தொரு பரிந்துரை. முப்பது "பரிசீலனையில்" இருக்கின்றன. உடனே ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: குழு அறையின் பழுதான மைக்கை மாற்றுவது.

கோபுரத் திட்டமும் அந்தப் 'பரிசீலனையில்'தான்; கடிதங்களைப் படித்து முடிக்கும்வரை வேலையில் கை வைக்க மாட்டார்களாம். மகள் நிதானமாகத்தான் படிக்கிறாள்.

மே 14, வியாழன்

புது மைக் வந்தது. பொருத்த வந்தவர் பழையதைச் செருகித் தட்டினார். கணீரென்று கேட்டது.

"இதுல என்ன சார் பழுது?"

"அப்பப்போ வரும், போகும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

புது மைக் வந்ததைச் சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மகள் கைதட்டிச் சிரித்தாள். "அதை ஏம்ப்பா மாத்தினாங்க? அன்னிக்கு மைக் கிடைச்சிருந்தா, பயத்துல ரெண்டு வார்த்தை முணுமுணுத்துட்டு உக்காந்திருப்பேன். இல்லைன்னதும்தான் ரோஷம் வந்து கத்தினேன். அதுக்குக் கோயிலே கட்டலாம்."

"பழைய சாமான்மா, அப்படித்தான்" என்றேன்.

அவள் பேசிவிடக் கூடாது என்றுதான் அன்று பொய் சொன்னேன் — அதை மட்டும் சொல்லவில்லை.