பன்றித்தோல் வறுவலும் என் காதும்

மார்ச் 3, ஞாயிறு

பன்றித்தோல் வறுவல் இன்றும் சொதப்பல். தொடர்ந்து மூன்றாவது தடவை. வேகவைத்து, உள்பக்கக் கொழுப்பைச் சுரண்டி, துண்டு போட்டு, ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்கு அடியில் உலர்த்தினேன். பிறகு பன்றிக்கொழுப்பில் சின்னத் தீயில். ஈரம் போகும்வரை சலசலக்கும்; அது அடங்கியதும் தீயைக் கூட்டினால் பொரிந்து உப்பும். தெறிக்காமலிருக்க மேலே தட்டைச் சாய்த்துவிடுவதால் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான் வேலை. இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன். இன்று கிடைத்தது செருப்பு வார்.

கறிக்கடைக்காரர் கிழட்டுப் பன்றியின் தோலை என் தலையில் கட்டிவிட்டார் என்றேன். பிறகு அடுப்பைக் குறை சொன்னேன். பிறகு சட்டியை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றாள் என் மனைவி. சட்டி இவள் வாங்கியது.

மார்ச் 5

இவள் சாப்பாடு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். பேச்சே குறைந்துவிட்டது. முன்பெல்லாம் அடுப்படியில் எதையாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பாள். ஒரு வருடமாக அதுவும் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்? இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியும் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

மச்சினன் வந்திருந்தான். இந்த முறை விடுவதில்லை என்று இரண்டு நாள் உலர்த்தியிருந்தேன். சட்டி அடங்கியது. தீயைக் கூட்டக் கை வைத்தேன்.

“இன்னும் அடங்கலையே மாமா. இந்தப் போடு போடுது, எதுக்குத் தீயைக் கூட்டுறீங்க?”

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து இவளைப் பார்த்தேன். இவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்தால், உள்ளே குமிழி குமிழியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

மீதியை மச்சினன்தான் வறுத்தான். அழகாக உப்பியது. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மார்ச் 11

காது போச்சுன்னா மெக்கானிக்குக்கு என்னடா மிச்சம்? வண்டி வாசல்ல நுழையும்போதே எந்த வால்வு தட்டுதுன்னு சொல்றவன் நான். சொன்னவன்.

இன்று ஒர்க்‌ஷாப்பில் சோதித்துப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தால் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. இத்தனை நாள் எனக்கே தெரியாமல் போனது இதனால்தான். எடுத்துவிட்டால் ஊமை எஞ்சின். இது என்ன கூத்து?

மார்ச் 12

இவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எதிரே வந்து நின்றாள். “செவிடன் காதுல ஊதுன—” என்று ஆரம்பித்தவள், மீதியை விழுங்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பழமொழியால் அடி வாங்குகிறவன் நான். இன்று நிறுத்தினாளே, அதுதான் வலித்தது.

சனிக்கிழமை காது டாக்டரிடம் போகிறோம் என்றாள். வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

மார்ச் 16, சனி

டாக்டரம்மா ஓர் இரும்புக் கவையை அதிரும்படி தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கேட்டது. காதருகே பிடித்தார். சுத்தமாக இல்லை. அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

“எலும்பு வழியா நல்லாக் கேக்குது. நரம்புல கோளாறு இல்லை. ரெண்டு காதும் அடைச்சுக் கிடக்கு, அவ்வளவுதான்.”

வயிற்றில் பாலை வார்த்தார், மகராசி. வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சி எடுத்துத் தட்டில் போட்டார். காதுக் குறும்பி. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. கை துடைக்கிற பழந்துணியை முறுக்கி நான் காது குடைவதை இவள் போட்டுக்கொடுத்தாள். குடைந்து குடைந்து எல்லாவற்றையும் நானே உள்ளே தள்ளியிருக்கிறேன்.

வெளியே வந்தால் என் செருப்பே சத்தம் போடுகிறது. இவள் படிக்கட்டில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பயந்துட்டேங்க.”

நானும்தான் என்றேன். சொல்லிவிட்ட பிறகு நன்றாக இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

கறிக்கடைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தோல் வாங்கி வந்து நேற்றே உலர்த்தியாயிற்று. அதே சட்டி. தட்டைச் சாய்த்துவிட்டு நின்றேன். அம்மாடி, என்ன இரைச்சல். இதையா அடங்கிவிட்டது என்றேன்? மெல்ல மெல்லக் குறைந்து, ஒன்றிரண்டு வெடிப்பாகி, நின்றது. தீயைக் கூட்டினேன். பூவாக உப்பி வந்தது. உப்புத் தூவி ஒன்றைக் கடித்தால் மண்டைக்குள் மொறுமொறுவென்று கேட்கிறது. சும்மா நின்று நாலைந்து தின்றேன்.

அப்போதுதான் பின்னால் அந்த முணுமுணுப்பு. இவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அதே பழைய மெட்டு, அதே இடத்தில் சுருதி விலகுகிறது.

மறுபடியும் எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நான் எப்பங்க நிறுத்தினேன்?”

அடுத்த ஈடு தோலைச் சட்டியில் போட்டேன். அது அடங்க நேரமாகும். இவள் பாட்டைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.